முத்தவல்லி செய்த முதல் போணி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அசர் தொழுகை முடிந்து எங்கள் பேரணாம்பட்டு பஜார் வழியாக பள்ளிவாசலை நிர்வகித்து வந்த முத்தவல்லியின் ஜனாஸா, அவருடைய இறுதி ஊர்வலம், போனது. யாரும் சொல்லாமலே கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். வெற்றிலைக் கடைக்காரர், சர்ச் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா, தள்ளுவண்டியில் பிரியாணியும் கத்திரிக்காயும் விற்கிற தம்பி, எல்லோரும்தான். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல 1996-க்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டில்தான் தோல் பதனிடும் ஷாப்களின் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தோல் ஷாப்கள் இருக்கிற பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ விவசாயத்துக்கு ஆகாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாங்களே வாயில் வைக்க முடியாமல் இருந்தோம். ஆனால் ஷாப்புக்கு 10,000 ரூபாய் அபராதம், அதோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும் அல்லது சொந்தமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்றபோது, பெரிய கைகள் சமாளித்தன, கூலிக்குப் பதனிட்டுக் கொடுத்த சின்னவர்களால் முடியவில்லை. அத்தா வேலை பார்த்த ஷாப்பும் மூடியது.

அத்தா செருப்புக் கடை போடலாம் என்று பள்ளிவாசலின் பொது நிதியான பைத்துல்மாலில் கடன் கேட்டுப் போனார். முத்தவல்லி பணத்தை எடுக்கவில்லை, ஒரு 80 பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு ஜோடிக்குத் தோல் எவ்வளவு, சோல் எவ்வளவு, சொல்யூஷன், நூல், உன் கூலி, எல்லாவற்றையும் ஒரு மாதம் எழுதிக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் அம்மாவுக்குக் கோபம், நகையை அடகு வைத்துத்தானே வட்டியில்லாக் கடன் கேட்கிறோம், இதில் பரீட்சை வேறயா என்று. அந்த ஒரு மாதக் கணக்கில்தான் அத்தா தன் கூலியைச் சேர்க்காமலே விலை வைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

1999-ல் சிறுபான்மையினருக்குக் கடன் கொடுக்கிற அரசு நிறுவனமான டாம்கோ வந்த பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. தையல்கார அக்கா அதில் மனு போட்டபோது, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மெஷின் கொட்டேஷன் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு அக்காவோடு பஸ் ஏறி வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போனார். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல் இழுத்தபோது அதற்கும் அலைந்தார். நம்ம ஜமாஅத் இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, 'சிறுபான்மைன்னா நாம மட்டுமா, அந்தப் புள்ளையும்தான்' என்றாராம். இதை அக்காதான் அன்று வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னது.

கடனை வாங்கிக் கொடுத்ததோடு விடுகிற ஆளில்லை அவர். யார் புதிதாகக் கடை திறந்தாலும் முதல் போணி அவருடையது. எங்கள் கடை திறந்த அன்று காலையில் ஃபஜ்ர் தொழுகை முடிந்து நேராக வந்துவிட்டார். அவர் கால் 7, அன்று கையில் இருந்தது 8-ம் 9-ம்தான். 8-ஐ எடுத்துப் போட்டுக்கொண்டார், பேரம் பேசவில்லை, எழுதியிருந்த விலையை எண்ணி அத்தா கையில் வைத்தார். பின்பக்கம் தட் தட் என்று அடிக்க பஜார் முழுக்க அதே செருப்போடு நடந்து போனார். யாராவது பார்த்துக் கேட்டால் எங்கள் கடையைக் காட்டினார்.

கணக்கு நோட்டு கொண்டு வராதவர்களிடம் கடுமையாகப் பேசுவார், அதில் சிலருக்கு மனவருத்தம் உண்டு. எனக்கு அது சரி என்றுதான் படுகிறது. தவணை தவறியவர்களின் நகையை அவர் விற்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

அத்தா இல்லாத இந்த ஆறு வருஷமாக நோட்டை நான் எழுதுகிறேன். முதல் நோட்டின் முதல் வரி அத்தா கையெழுத்தில் இருக்கிறது: '8 நம்பர், 1 ஜோடி, முத்தவல்லி, ரொக்கம்.'

வருகிற திங்கட்கிழமை எங்கள் தெருவில் ஒரு பெண் பிளவுஸ் தைக்கும் கடை திறக்கிறாள். காலையில் நீ போய்விடு என்று அம்மா சொல்லிவிட்டாள், ஃபால்ஸ் தைக்க ஒரு சேலையையும் எடுத்து வைத்திருக்கிறாள்.