7805 வைவாவுக்குப் படிக்கிறவங்களுக்கு: பின் நம்பரை விடுங்க, சூட்டைக் கணக்கு போடுங்க

ப்ராஜெக்ட் எதுவா இருந்தாலும் போர்டோட ஓரத்துல ஒரு 7805 (5 வோல்ட் குடுக்குற ரெகுலேட்டர் ஐசி) நிக்கும், அதனால வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) பவர் சப்ளை மேல கண்டிப்பா கேள்வி வரும். நம்ம பசங்க பின் ஒன்னு இன்புட், ரெண்டு கிரவுண்ட், மூணு அவுட்புட்னு உருப்போட்டுட்டுப் போவாங்க. எங்க எக்ஸ்டர்னல் (வெளியில இருந்து வந்த எக்ஸாமினர்) அதைத் தொடவே இல்ல, "ஏம்ப்பா 9 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் போட்ட? 6 போட்டா என்ன, 12 போட்டா என்ன?" இவ்ளோதான் கேட்டாரு. இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரிஞ்சா மிச்ச கேள்வியில பாதி இதுக்குள்ளயே அடங்கிடும்.

முதல்ல கீழ் எல்லை. 7805 ஒழுங்கா 5 வோல்ட் குடுக்க இன்புட்ல எந்த நேரமும் சுமாரா 7 வோல்ட் இருக்கணும். 6 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர்னா பீக் (உச்ச வோல்டேஜ், 1.414 மடங்கு) 8.5, ஏசியை டிசியாக்குற பிரிட்ஜுல ரெண்டு டயோடு 1.4 சாப்பிட்டா 7.1தான், ரிப்பிள் (கெப்பாசிட்டர்ல வோல்டேஜ் ஏறி இறங்குறது) வந்த உடனே போச்சு. 9 வோல்ட்னா இதே கணக்குல 11.3 வரும். இப்போ ரிப்பிள், கரண்ட்டை 100 ஹெர்ட்ஸாலயும் கெப்பாசிட்டராலயும் வகுத்தா வரும். அரை ஆம்பியர் லோடு, 1000 மைக்ரோஃபாரட்னா 5 வோல்ட் ரிப்பிள், அதாவது அடிமட்டம் 6.3, பத்தாது. 2200 போட்டா ரிப்பிள் 2.3 தான், அடிமட்டம் 9. நம்ம ஊர்ல 230 சாயங்காலம் 207க்கு இறங்குனாலும் 7.8 நிக்கும். மல்டிமீட்டர் டிசில வச்சுப் பாத்து "சார் 9 வோல்ட் வருது சார்"னு சொல்லாதீங்க, அது ஆவரேஜ், அடிமட்டம் தெரியணும்னா சிஆர்ஓவுலதான் (அலையை ஸ்க்ரீன்ல காட்டுற ஆசிலோஸ்கோப்) பாக்கணும்.

அடுத்து மேல் எல்லை, இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க. டேட்டாஷீட்ல 35 வோல்ட் தாங்கும்னு இருக்கேன்னு சொல்லுவாங்க, அது ஐசி உடையாம தாங்குற வோல்டேஜ், சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சூடு எவ்ளோன்னா இன்புட்ல 5ஐக் கழிச்சு கரண்ட்டால பெருக்கணும். 9 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர்ல ஆவரேஜ் இன்புட் 10னு வைங்க, அரை ஆம்பியருக்கு 2.5 வாட். 12 வோல்ட் போட்டா இதே லோடுக்கு 4.5 வாட்டுக்கு மேல போயிடும், உங்க சர்க்யூட்டுக்கு அதனால பைசா பிரயோஜனம் இல்ல.

ஹீட் சிங்க் (சூட்டை வெளியேத்துற உலோகத் துண்டு) இல்லாம டிஓ-220 பேக்கேஜ் (7805 வர்ற உடம்பு) ஒரு வாட்டுக்கு சுமார் 65 டிகிரி ஏறும். லேப்ல 40 டிகிரி, உள்ள சிப் 125 வரைக்கும் போகலாம்னா கையில இருக்கறது 85, அதை 65ஆல வகுத்தா 1.3 வாட், அவ்ளோதான். 10 வோல்ட் இன்புட்ல அது 260 மில்லிஆம்பியர். கவர்ல "1 ஆம்பியர் ரெகுலேட்டர்"னு போட்டிருக்கறதெல்லாம் ஹீட் சிங்க் போட்டவனுக்குத்தான்! நம்ம 2.5 வாட்டுக்கு 85ஐ வகுத்தா 34, உள்ள சிப்ல இருந்து டேப் (ஐசி முதுகுல இருக்கற உலோகத் தகடு) வரைக்கும் 5, பேஸ்ட்டுக்கு 1 கழிச்சா 28, அப்போ ஹீட் சிங்க் அதுக்குக் கீழ ரேட்டிங் (ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி) உள்ளதா வாங்கணும்.

சூடு தாண்டுனா 7805 எரியாது, தானா அவுட்புட்டைக் குறைச்சுக்கும், ஆறுனதும் திரும்ப வரும். டெமோவுல எல்சிடி மங்கி மங்கி வந்து கன்ட்ரோலர் ரீசெட் ஆனா உடனே ப்ரோகிராமைக் குடையாதீங்க, முதல்ல ரெகுலேட்டரைப் பாருங்க (தொடாதீங்க, தோல் போயிடும்).

12 வோல்ட் அடாப்டர்தான் இருக்குன்னா ரெகுலேட்டருக்கு முன்னாடி 8 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்னு சீரியஸ்ல போட்டு, அதுக்கப்புறம் இன்புட் கெப்பாசிட்டர் வைங்க. அரை ஆம்பியர்ல ரெசிஸ்டர் 2 வாட் வாங்கிக்கும், ரெகுலேட்டருக்கு 1.5 தான். மொத்த சூடு குறையலையேன்னு எக்ஸ்டர்னல் மடக்குவாரு, ஆமா சார் குறையல, இடம்தான் மாறுதுன்னு சொல்லுங்க. 7905 (மைனஸ் 5 வோல்ட் ரெகுலேட்டர்) கூட ஒரே ஹீட் சிங்க்ல மாட்டியிருந்தா மைக்கா வாஷர் (கரண்ட்டைத் தடுக்குற தகடு) போட்டிருக்கீங்களான்னும் பாத்துக்கோங்க, 7805 டேப் கிரவுண்டு, 7905 டேப் இன்புட்டு, வாஷர் இல்லன்னா நேரா ஷார்ட்தான்.