கம்பிக்குக் கீழே ஒரு வேலை

கானமயில் என்கிற பெரிய புல்வெளிப் பறவை தொடர்பான வேலைக்காக ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போகிறேன் என்றதும், பறவை பார்க்கச் சம்பளமா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, என் வேலை உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் நடந்துபோய், அவற்றில் மோதிச் செத்த பறவைகளைத் தேடுவது.

சேவண் என்கிற பாலைவனப் புல்லுக்குள் ஒரு இறகு, ஒரு கால், சில சமயம் வெறும் எலும்பு. எது கிடந்தாலும் படம் எடுத்து இடத்தைக் குறிக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காத நாளில் சந்தோஷமாகத் திரும்புவேன். கூட வந்த ஆடு மேய்க்கும் பெரியவர் காகாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. "ராத்திரி நாயும் நரியும் பட்டினியா கிடக்கும், பேட்டா?" என்றார். அதைச் சோதிக்க ஒரு முறை உண்டு: செத்த கோழிகளை நாமே கம்பிக்குக் கீழே போட்டுவிட்டு எத்தனை நாள் கிடக்கின்றன என்று பார்ப்பது. சிலவற்றை மறுநாள் காலையிலேயே காணோம். அப்புறம் என் நோட்டில் இருந்த பூஜ்யங்களை நானே நம்பவில்லை.

கானமயிலுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில். பறக்கும்போது தலையைக் குனிந்து தரையைப் பார்த்தால் நேர் எதிரே இருக்கும் கம்பி தெரியாது, தெரிந்தாலும் 15 கிலோ வரை எடையுள்ள ஆண் பறவையால் சட்டென்று திரும்ப முடியாது. பெண் வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதையும் நாயோ நரியோ விட்டுவைத்தால் உண்டு. 2011 முதல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மொத்தமாகவே இருநூறுக்கும் கீழே என்கிறார்கள், அதில் பெரும்பங்கு தார்ப் பாலைவனத்தில்.

2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. இந்தக் கம்பிகள் கொண்டுபோகும் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் போனும் அதில்தான் சார்ஜ் ஆனது. ஆனால் பறவைகளை எச்சரிக்கக் கம்பியில் மாட்டிய சுழலும் தகடுகளில் மூன்று மணலில் விழுந்து கிடந்ததை நானே பொறுக்கியிருக்கிறேன். யாருக்கும் அது அவசரமாகத் தெரியவில்லை.

உயிருள்ள கானமயிலை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். வெகு தூரத்தில், புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்து மட்டும். "கோடாவண்" என்று அதன் உள்ளூர்ப் பெயரைக் காகா மெதுவாகச் சொன்னார். அது நாலு எட்டு ஓடிக் கனமாக எழும்பியது. இத்தனை மாதம் காத்திருந்துவிட்டு நான் பறவையைப் பார்க்கவில்லை, அது போகும் திசையில் கம்பி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.