பாதி தெரிந்த சொற்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் படித்தபோது என் காலை வாரியவை தெரியாத ஆங்கிலச் சொற்கள் அல்ல, பாதி தெரிந்தவை. ஒரு மாதிரித் தேர்வில், வெயில் பயணிகளை என்ன செய்தது என்று கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ஆறு விடைகளில் ஒத்த பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வி அது. அதில் இருந்த 'எனர்வேட்' என்பதை எனர்ஜியின் பங்காளி என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். உண்மையில் அதன் பொருள் சோர்ந்துபோகச் செய்தல். தசைநாரைக் குறிக்கும் 'நெர்வஸ்' என்ற லத்தீன் சொல் அதன் வேர். நாரை உருவிவிட்டால் உடம்பில் என்ன மிஞ்சும்? எனர்ஜியோ வேலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அதன்பின் ஒரு மடத்தனம் செய்தேன். குழப்பும் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதி உருப்போட்டேன். 'வீனல்' என்றால் லஞ்சத்துக்கு விலைபோகிற, 'வீனியல்' என்றால் மன்னிக்கத்தக்க. ஆங்கில எழுத்தில் பின்னதில் ஓர் 'ஐ' (i) மட்டும் கூடுதல். இரண்டு பொருளும் நினைவில் நின்றன, எது எதற்கு என்பதுதான் நழுவியது. பிறகு வீனலை மட்டும் எடுத்துக்கொண்டேன். விற்பனையைக் குறிக்கும் லத்தீன் சொல் அதன் வேர். 'வெண்டர்' அதே குடும்பம். காசுக்குத் தீர்ப்பு விற்கும் நீதிபதி ஒருவரை வைத்து நாலு வாக்கியம் எழுதினேன். அவர் மனதில் பதியும்வரை, ஒரு வாரம், வீனியல் பக்கமே தலைவைக்கவில்லை.

கேலோ, ஸேலோ, ஃபேலோ மூன்றும் முதல் எழுத்தில் மட்டும் வேறுபடுபவை. இவற்றுக்குப் படமே போதும்: இறகு முளைக்காத குஞ்சு போன்ற அனுபவமற்ற இளையவர், வெளிறி மஞ்சள் பாய்ந்த முகம், விதைக்காமல் விட்ட நிலம்.

வேர் எப்போதும் கைகொடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். 'மெரிட்', 'மெரட்ரிஷஸ்' இரண்டுக்கும் வேர் ஒன்றே. முன்னது தகுதி, பின்னது போலிப் பகட்டு!

தேர்வு அறையில் எனக்கு உதவிய பழக்கம், விடைகளைப் பார்க்கும் முன்பே கோடிட்ட இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துப் பார்ப்பது. அந்த வெயில் கேள்விக்கு 'வாட்டியது' என்று வைத்திருந்தால், எனர்வேட்டை ஒதுக்கிய பின் பொருந்தும் விடை ஒன்றுதான் மிஞ்சும், அதற்கு ஜோடி இல்லை என்பது தெரிந்திருக்கும். அப்போதே என் நினைவைச் சந்தேகித்திருப்பேன். நானோ ஒட்டாத ஒரு சொல்லை இழுத்து ஜோடி சேர்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.