கிணற்றுக்கடியில் ஓர் ஊர்

முதல் மாயக்கதையை எழுதும்போது எனக்கு 22 வயது. தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த அம்புலிமாமாக்களைப் படித்து வளர்ந்தவன். அதனால் ராஜகுமாரன், மந்திரவாதி, ஏழு கடல் எல்லாம் கேட்காமலேயே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. போதாததற்கு ‘வினவினான்’, ‘செப்பினான்’ வேறு. பத்து வயதுப் பிள்ளை எவன் வினவுகிறான்?

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி எழுதினேன். கிணற்றுக்கடியில் ஓர் ஊர். அங்கே இருப்பவர்களுக்கு நம் தண்ணீர்தான் வானம். சனிக்கிழமை மாலைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, மேல மோட்டார் போட்டா அவங்க வானம் குறையுமா?”

மாயக்கதையில் எதுவும் நடக்கலாம் என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. “அப்ப கரண்ட் வந்தாலே பயப்படுவாங்கல்ல?”

எழுதி வைத்திருந்த பன்னிரண்டு அத்தியாயங்களில் இல்லாத கதை அந்தக் கேள்வியில் இருந்தது. மோட்டார் ஓட வேண்டிய மும்முனை கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கணக்குப் பார்த்து வாழும் ஜனங்கள்! வானம் தாழும் நேரத்தில் குழந்தைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் அம்மாக்கள். மாயத்துக்கும் சட்டதிட்டம் உண்டு என்பது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிகிறது. எட்டு மாதம் உட்கார்ந்து திருத்தி எழுதினேன்.

பதிப்பகம் தேடிய கதை சுருக்கமானதுதான். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் நாற்பதாயிரம் கொடுத்தால் போடலாம் என்றார். மூன்றாமவர் சரி என்றார், ஆனால் 64 பக்கத்தைத் தாண்டக் கூடாதாம். அச்சில் ஒரே தாளில் சேர்ந்து வரும் பக்கங்களை ஃபாரம் என்பார்கள்; ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், ஆக நான்கு ஃபாரம். லேஅவுட்டில் என் கதை 71 பக்கம் வந்தது. எதை வெட்டுவது? நூலகத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட்ட இடங்களை நினைத்துப் பார்த்தேன். நிலா வெளிச்சத்தில் பாசி மின்னுவதை உருகி உருகி வர்ணித்திருந்தேன். முதலில் போனது அதுதான்.

விலை 80 ரூபாய், ராயல்டி 10 சதவீதம். முதல் ஆண்டு 212 பிரதிகள் விற்று 1,696 ரூபாய் வந்தது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு இரண்டு முறை போய்வந்த செலவுக்கே அது காணாது. ஆனால் காட்சி நடந்த நந்தனத்தில் ஒரு பையன் ஸ்டாலில் நின்றபடியே பாதிக் கதையைப் படித்துவிட்டு, வாங்காமல் போனான். அதை இன்னும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவளுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தாள். ரேப்பரைப் பார்த்ததும், “இப்ப யாருண்ணா கிணத்துல மோட்டார் வைக்கிறாங்க? எங்க வீட்லயே போர் போட்டாச்சு,” என்றாள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, “போர் போடுற சத்தம் அவங்களுக்குக் கேட்டிருக்குமா?” என்றாள்.