த்ரஸ்ட் எவ்வளவு என்று கேட்டால், பவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஏரோ இறுதியாண்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த முதல் கேள்வி: "அயனி எஞ்சின் எவ்வளவு த்ரஸ்ட் தரும்?" மின்சாரத்தால் அயனிகளை வேகமாக வெளியே தள்ளும் விண்கல எஞ்சின் அது; த்ரஸ்ட் என்றால் அதன் உந்துவிசை.

ஆரல்வாய்மொழிக்காரன் நான். மகேந்திரகிரி மலைக்கு அந்தப் பக்கம் இஸ்ரோ எஞ்சின்களைச் சோதிக்கிறது. விகாஸ் ராக்கெட் எஞ்சின், சுமார் 800 கிலோநியூட்டன் என்றெல்லாம் பள்ளியிலேயே பேசி வளர்ந்தோம். அயனி எஞ்சினுக்கும் ஒரு எண்ணை மனப்பாடம் செய்திருந்தேன். நாசாவின் டான் விண்கலத்தில் இருந்தது 92 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் இரண்டு ஏ4 தாளை வைத்தால் தெரியும் கனம், அவ்வளவுதான். பதில் சரி. "எத்தனை வாட்டில்?" என்று அடுத்துக் கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு ஒரே ஒரு சூத்திரத்தோடு உட்கார்ந்தேன். த்ரஸ்ட் = 2 × பயனுறுதிறன் × பவர் ÷ வாயு வெளியேறும் வேகம். டான் எஞ்சினுக்கு 2.3 கிலோவாட், ஐஎஸ்பி (வாயு வெளியேறும் வேகத்தைப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஆல் வகுத்த எண்) 3,100 வினாடி, அதாவது வேகம் வினாடிக்குச் சுமார் 30.4 கிலோமீட்டர். போட்டுப் பாருங்கள்: இழப்பே இல்லாவிட்டால் 151 மில்லிநியூட்டன். நிஜத்தில் 92. அப்படியானால் பயனுறுதிறன் சுமார் 61 சதவீதம். வேகம் கூடினால் எரிபொருள் மிச்சமாகும், ஆனால் அதே பவரில் த்ரஸ்ட் குறையும். பாடத்தின் உயிர் இங்கேதான் என்று எனக்குப் பட்டது.

அப்புறம் மற்ற எண்கள் தாமாகவே வந்து உட்கார்ந்தன. இவையும் மின்சாரத்தில் இயங்கும் விண்கல எஞ்சின்கள்தான்: 2017-இல் எக்ஸ்3 ஹால் எஞ்சின் சோதனையில் 5.4 நியூட்டன், சுமார் 100 கிலோவாட்டில். வாசிமிர் விஎக்ஸ்-200 எஞ்சின் 200 கிலோவாட்டில் சுமார் 5.7. பவர் இரட்டிப்பு, த்ரஸ்ட் கிட்டத்தட்ட அதேதான். வாசிமிரில் வாயு வேகமாக வெளியேறுவதே காரணம். எண்களைக் குறித்து வைக்கும்போது பவர், ஐஎஸ்பி, த்ரஸ்ட் மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

எம்.டெக் நேர்முகத்தில் எம்டிரைவ் பற்றிக் கேட்டார்கள். மூடிய உலோகக் கூட்டுக்குள் மைக்ரோ அலையை விட்டாலே உந்தும் என்று சொல்லப்பட்ட எஞ்சின். எரிபொருளே இல்லாமல் கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் என்று 2016-இல் வெளியான முடிவு அது. பவரை ஒளியின் வேகத்தால் வகுத்தேன்: எரிபொருள் இல்லாமல் ஒளியை மட்டும் உமிழும் எஞ்சினுக்கு அதிகபட்சமே கிலோவாட்டுக்கு 3.3 மைக்ரோநியூட்டன்தான். சொன்னது அதைப் போல 360 மடங்கு! உடனே பேச்சு அளவீட்டுப் பிழைக்குத் திரும்பியது. 2021-இல் டிரெஸ்டன் பல்கலைக்கழகக் குழு அளந்தபோது, கருவி சூடாகித் தாங்கி லேசாக வளைந்ததுதான் த்ரஸ்ட் போலத் தெரிந்திருக்கிறது.