கூரையில் எத்தனை ஜாயின்ட்?

இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறேன் என்றால் ஆலோசனை சொல்ல நம் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கடன் எங்கே எடுக்கலாம், எந்தப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும், தெற்குப் பார்த்த வாசல் ஆகுமா ஆகாதா, எல்லாம் வரும். காருக்கும் அப்படித்தான். பழைய மோட்டார்ஹோம், அதாவது பின்னால் வீடே கட்டிய வண்டி, வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "எதுக்குங்க அது?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். டெர்பி தமிழ் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு நடந்தது அதுதான். ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கடன் கட்ட முடியவில்லையா என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

எங்களுக்கு அது தேவைப்பட்ட காரணம் எளிது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த வார இறுதி எனக்குக் கிடைக்கும் என்பதை ரோட்டா என்ற டூட்டிப் பட்டியல் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும். மகளுக்குப் பள்ளி விடுமுறை வரும்போது கடற்கரை ஊர்களில் அறை வாடகை எகிறிவிடுகிறது. கரூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசாவில் வந்தால், அம்மாவின் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பாடு, அவசரத்துக்குப் பாத்ரூம் என்று ஒரு பகல் பயணத்துக்கே ஏகப்பட்ட ஏற்பாடு. அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் கூடவே வந்தால் பாதித் தொல்லை தீரும்.

நாங்கள் தேடியது கோச்பில்ட் என்ற வகை. அப்படியென்றால் என்னவென்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது, அப்பாவுக்கு வேண்டியிருக்கவில்லை. கம்பெனியிலிருந்து முன்பக்க கேபினும் சேஸியும் மட்டும் வரும். பின்னால் வீட்டை வேறொரு பட்டறை கட்டும். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவது போலத்தான். அப்பா அப்படி ஒரு பட்டறையில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் ஷீட் அடித்தார். இங்கே பெரும்பாலும் பியூஜோ பாக்ஸர் அல்லது ஃபியட் டுகாட்டோ சேஸிதான். இரண்டும் இத்தாலியில் அதெஸா என்ற ஊரில் ஒரே ஆலையில் வருபவை, பேட்ஜ்தான் வேறு. அதன்மேல் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, ஜன்னல் வெட்டி வீடாக்குவது இங்கிலாந்துப் பட்டறைகள். போனில் விவரம் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கண்ணு, கூரைல எத்தனை ஜாயின்ட்டு?"

அதைவிடச் சரியான கேள்வியை நான் எந்த விற்பனையாளரிடமும் கேட்கவில்லை. இந்த நாட்டு மழை அடித்துப் பெய்துவிட்டுப் போகாது. நாள் முழுக்கப் பூவாகத் தூறி எந்த இடுக்கிலும் நுழையும். கோச்பில்ட் வண்டியில் கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, ஜன்னல், மேல் வெளிச்சத் துவாரம், பின்மூலை என்று சேர்க்கை எல்லாமே தண்ணீருக்கு வழி. காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் வில்லர்ஸி கிராமத்தில் இருக்கும் ஆட்டோ-ஸ்லீப்பர்ஸ் என்ற கம்பெனியில் சில மாடல்களுக்கு ஃபைபர்கிளாஸில் ஒரே ஓடாக வார்த்துப் பாடி செய்தார்கள். சேர்க்கை குறைவு, ஒழுக்கும் குறைவு. இருபது வயதானாலும் அவற்றின் விலை இறங்க மாட்டேன் என்கிறது. எங்கள் கைக்கு எட்டியது தகடு அடித்த வகைதான்.

சின்னதாகத் தேடியதற்கு லைசென்ஸும் ஒரு காரணம். இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறி 12 மாதம் வரைதான் செல்லும். அப்புறம் இங்கே டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டி வாங்க வேண்டும். அப்படி வாங்கிய சாதாரண கார் லைசென்ஸில் டீசல் வண்டி என்றால் மொத்த எடை 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். 1997 ஜனவரி 1-க்கு முன் இங்கே பாஸ் செய்தவர்களுக்கு 7,500 கிலோ வரை உண்டு. ஆனால் 70 வயதில் அந்த உரிமையைத் தொடர மருத்துவச் சான்று வேண்டும். அதனால் பெரிய வண்டியைத் தள்ளிவிட்டுச் சின்னதுக்கு வரும் தாத்தா பாட்டிகள்தான் சந்தையில் நமக்குப் போட்டி. கையில் ரொக்கத்தோடு வருவார்கள், பகல் முழுக்க நேரமும் இருக்கும்.

இன்னொன்று பெல்ட். விளம்பரத்தில் நான்கு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் சீட் பெல்ட் முன்னால் இரண்டு மட்டும். பின்னால் பக்கவாட்டில் பார்த்த சோபா. ஓடும் வண்டியில் பிள்ளையை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வராது. விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு எப்படி வரும்? 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை குழந்தைக்குத் தகுந்த இருக்கை வேண்டும் என்பது இங்கே சட்டம். முன்னோக்கிப் பார்த்த பின்சீட்டும் பெல்ட்டும் உள்ள சின்ன வண்டி என்று சொன்னதுமே பட்டியல் பாதியாகச் சுருங்கிவிட்டது.

கடைசியில் லிங்கன்ஷையரில் ஓய்வுபெற்ற தம்பதி ஒருவரிடம் 2003-ஆம் வருட வண்டி கிடைத்தது. நம் ஆட்கள் பானெட்டைத் திறந்துதான் சோதனையைத் தொடங்குவார்கள். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று பார்த்தோம், வண்டி எண்ணைப் போட்டு அரசுத் தளத்தில் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் பார்த்தோம். எந்த வருடம் எதற்காக ஃபெயில் ஆனது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-இல் 23-ஆவது வாரம் செய்தது. இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால் டயர் தேய்வதற்கு முன்னால் கிழடாகிவிடும்.

அதற்கெல்லாம் அரை மணி நேரம். மீதி முழுக்கச் சுவர்தான். வெளியே அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் தெர்மாகோலும், உள்ளே மெல்லிய பிளைவுட். நடுவில் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரம் இத்துப்போகும். என் கணவர் போனை வீடியோவில் பிடிக்க, கரூரிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல நான் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனேன். அலமாரிக்குள், சோபாவுக்கு அடியில், ஜன்னலின் கீழ் மூலைகளில். "அழுத்தற எடம் திண்ணுனு இருக்கோணும் கண்ணு. அமுங்குச்சுன்னா கைய எடுத்துட்டு வந்துரு." ஈரம் காட்டும் மீட்டரும் கொண்டு போயிருந்தோம். 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கவலையில்லை, 20 வரை கவனிக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் எங்கோ ஒழுகுகிறது. எல்லா இடத்திலும் பன்னிரண்டு பதிமூன்று காட்டிய மீட்டர் இடது பின்மூலையில் 22 என்றது. அழுத்தினால் அமுங்கவில்லை. விற்றவர் மறைக்கவில்லை, தன் மீட்டரிலும் அதே எண்தான் என்றார். அதைச் சொல்லிப் பேசி 14,500 பவுண்டுக்கு முடித்தோம். அந்த அம்மாள் டீ போட்டுக் கொடுத்து, எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும் என்று கையெழுத்தில் நிரப்பிய ஒரு நோட்டையும் தந்தார். வண்டியைவிட அதுதான் எனக்குப் பெரிய சொத்து.

வாங்கிய பிறகும் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான். நல்ல தண்ணீர் டேங்க் 60 லிட்டர். நான்கைந்து பேருக்கு அது எந்த மூலைக்கு? நிரப்பினால் 60 கிலோ எடை வேறு. வண்டியின் மொத்த எடைக்கு வரம்பு இருப்பதால், அரிசி மூட்டையும் குக்கரும் மடக்கு நாற்காலியும் ஏற்றும்போது எதையாவது குறைக்க வேண்டும். டேங்கைக் கால்வாசி மட்டும் நிரப்பிக்கொண்டு போய், இறங்கும் இடத்தில் பிடித்துக்கொள்வோம். ஷவரைத் திறந்துவிட்டுக் குளித்தால் ஹீட்டரிலுள்ள 10 லிட்டர் சுடுதண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அம்மா ஷவரைத் தொடவே இல்லை. ஒரு சின்ன பக்கெட், ஒரு சொம்பு. எங்கள் எல்லோரையும்விடக் குறைவான தண்ணீரில் குளித்து முடித்து வருவார்.

கழிப்பறை கேசட் வகை. அடியில் இருக்கும் பெட்டியை இழுத்து எடுத்து, எல்சன் பாயின்ட் என்று இங்கே சொல்லும் இடத்தில் நாமே கொட்டிக் கழுவி, நீல மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். நம் வீட்டில் இதைப் பற்றித்தான் அதிக வாக்குவாதம். நம் ஊரில் இந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, 2013-இல் தடைச் சட்டம் வந்த பிறகும் சாக்கடைக்குள் ஆட்களை இறக்கிக்கொண்டிருக்கிறோம். இங்கே காலை எட்டு மணிக்கு டிரெஸ்ஸிங் கவுனோடு பென்ஷன்காரர்கள் கேசட்டை உருட்டிக்கொண்டு வந்து, வானிலை பற்றிப் பேசியபடி வரிசையில் நிற்கிறார்கள். முதலில் என் கணவர் மட்டும் போனார். விட்பி என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தபோது ஒரு காலையில் அப்பா எழுந்து, யாரிடமும் சொல்லாமல் கேசட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தார். கையைக் கழுவிவிட்டுக் காபி கேட்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

சமையல் சுலபம்தான், கொஞ்சம் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். முகாம்களில் கரண்ட் இணைப்பு பெரும்பாலும் 16 ஆம்ப். சின்னப் பண்ணைகளில் சில நேரம் 6 ஆம்ப்தான். 6 ஆம்ப் என்றால் 1,380 வாட். வீட்டுக் கெட்டிலைப் போட்டால் டப்பென்று டிரிப் ஆகும், மிக்ஸி ஓடும். குளிர் நாட்களில் அடுப்புக்குச் சிவப்பு சிலிண்டர், அதாவது புரோபேன். நீல சிலிண்டரிலுள்ள பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாகாது, அடுப்பு அணைந்துவிடும். தாளிப்பு மட்டும் வெளியே, ஆனிங் என்ற துணிப் பந்தலின் அடியில். உள்ளே கடுகு வெடித்தால் புகை அலாரம் ஊரைக் கூட்டும். அமைதியான பண்ணை வயலில் குக்கர் விசில் அடிக்கும்போது பக்கத்து வண்டியில் திரை விலகுவதைப் பார்க்க வேண்டுமே!

வயல் என்றேன் அல்லவா? 1907-இல் தொடங்கிய கேரவன் கிளப் ஒன்று உண்டு, இப்போது மோட்டார்ஹோம் என்ற சொல்லும் பெயரில் சேர்ந்திருக்கிறது. அதன் உறுப்பினர்களுக்கென்று விவசாயிகள் ஐந்து வண்டி வரை நிறுத்த இடம் கொடுக்கிறார்கள். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி எங்களுக்குப் பக்கம் என்பதால், என் ஷிப்ட் முடிந்த சாயங்காலமே கிளம்பிவிடலாம். ரோட்டோரம் நினைத்த இடத்தில் தூங்கலாம் என்று நம்பி ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே 2003 சட்டம் தந்த திறந்தவெளி உரிமை கூடாரத்தோடு நடந்து போகிறவர்களுக்கு, வண்டிக்கு இல்லை. உயரமும் நினைவில் இருக்க வேண்டும். பல நகராட்சி கார் நிறுத்தங்களில் இரண்டு மீட்டர் சொச்சத்தில் கம்பி கட்டியிருப்பார்கள். எங்கள் வண்டி அதைவிட உயரம் என்பதால், அளவை எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறோம். லண்டனுக்கு அதில் போவதே இல்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரம் முழுக்க மாசுக் கட்டண எல்லைக்குள் வந்துவிட்டது. பழைய டீசலுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. ஹாரோ சித்தி வீட்டுக்குக் கார்தான்.

நவம்பரில் வண்டியை உறங்க வைக்க வேண்டும். எல்லாத் தண்ணீர் டேப்பையும் திறந்து, ஹீட்டர் வால்வைத் திறந்து, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துவிட வேண்டும். மிஞ்சியது உறைந்தால் பம்பும் ஹீட்டரும் பிளந்துவிடும். அந்த அம்மாளின் நோட்டில் இதற்கு மட்டும் இரண்டு பக்கம். இன்சூரன்ஸ், வரி, எம்ஓடி, வருடாந்திர ஈரச் சோதனை எல்லாம் கூட்டினால் வண்டி நிற்கிறதற்கே காசு. பணத்தை மிச்சம் பிடிக்க இதை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த இடது பின்மூலையைச் சரிசெய்தது அப்பாதான். கோடையில் வந்திறங்கிய மறுநாளே ஏணி கேட்டார். விளிம்பில் ஓடும் அலுமினியப் பட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டம்ளரில் போட்டார். துருப்பிடித்தவை தனி டம்ளர். பட்டியை எடுத்ததும் அடியில் பழைய மாஸ்டிக், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, காய்ந்த புளியாட்டம் உதிர்ந்தது. பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, புது பியூட்டைல் டேப் ஒட்டி, துருப்பிடிக்காத திருகு போட்டு, பிதுங்கியதை விரலாலேயே வழித்தார். மகள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் பதில் சொல்லவே இல்லை, திருகு மட்டும் கேட்டார். சிலிக்கான் வாங்கி வந்திருந்த என் கணவரிடம், "மாப்ளே, அத அந்தப் பக்கம் வெய்யுங்க. ஒருக்கா போட்டுட்டா அப்பறம் மேல எதுவுமே புடிக்காது" என்றார். மூலை காய மாதங்கள் ஆயின. இப்போது மீட்டரில் 14.

அப்பா அந்த வேலை பார்த்த ரெண்டு நாளும் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நாலு வீடு தள்ளி ஒருவர் பழைய கேரவன் வைத்திருக்கிறார். அப்பா அடுத்து எப்போது வருவார் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அப்பாவிடம் சொன்னதும், என்ன கூலி தருவார் என்று விசாரிக்கச் சொன்னார். விசிட்டர் விசாவில் கூலி வாங்கினால் அடுத்த தடவை விசாவே கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா பார்த்துச் சொல்வதில் தப்பில்லையே என்கிறார்.