பதினான்கு நாள் புட்டி

அமெரிக்காவில் அரிவாள் செல் சோகையோடு, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோயோடு, பிறக்கும் குழந்தைக்கு முதலில் எழுதித் தரப்படும் மருந்து பென்சிலின். மூன்று வயதுவரை வேளைக்கு 125 மில்லிகிராம், பிறகு ஐந்து வயதுவரை 250. தினமும் இரண்டு வேளை. இந்த நோயில் மண்ணீரல் சீக்கிரமே செயலிழந்துவிடும். அதன்பின் நிமோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். பென்சிலின் இந்தத் தொற்றை 84 சதவீதம் குறைக்கிறது என்று 1986இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருந்து பழையது, மலிவானது. ஆனாலும் ஆறு மாநிலங்களில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் பதிவுகளை அலசி 2018இல் வெளியான ஆய்வின்படி, ஆண்டில் 300 நாளுக்காவது நுண்ணுயிர்க்கொல்லி கிடைத்த குழந்தைகள் 18 சதவீதம்தான்.

குழந்தைகளின் ரத்த நோய்ப் பிரிவில் நடத்தை அறிவியலாளருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, 84க்கும் 18க்கும் நடுவே கிடக்கும் அந்த இடைவெளியைத்தான் காட்ட வேண்டும். மருந்து பலிக்குமா என்பதை மருத்துவர்கள் தீர்த்துவிட்டார்கள். அது ஃபார்மஸியிலிருந்து குழந்தையின் வாய்க்குப் போகிற வழியில் எங்கே நின்றுபோகிறது என்று தேடுவது இவர் பொறுப்பு. மருத்துவக் குறிப்பில் பல நேரம் இதற்கு ஒரே வரியில் விடை எழுதப்பட்டிருக்கும்: ‘தாய் ஒத்துழைக்கவில்லை.’ அந்த வரியை நம்பிவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்தது.

புட்டியையே எடுத்துக்கொள்வோம். சிறு குழந்தைக்கான பென்சிலின் பொடியாக வரும். ஃபார்மஸியில் தண்ணீர் கலந்து தருவார்கள். கலந்தபின் ஃபிரிட்ஜில் வைத்தாலும் 14 நாள்தான் தாங்கும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 10 மில்லி, 14 நாளைக்கு 140. புட்டிகளோ 100 அல்லது 200 மில்லி. 200 மில்லி புட்டி கொடுத்தால் 60 மில்லியைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் கணினியில் அதை ‘20 நாள் மருந்து’ என்று பதிந்துவிட்டால், பதினைந்தாம் நாள் போய் நிற்கிற தாய்க்குக் கிடைக்கும் பதில், ‘இன்னும் நாள் ஆகவில்லை, காப்பீடு ஏற்காது.’ கார் இல்லாமல், கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்தவள் வெறுங்கையோடு திரும்புவாள். ஆறு நாள் மருந்து இல்லை. இல்லையென்றால் கெட்டுப்போன மருந்தையே கொடுப்பாள். இரண்டுமே அவள் கணக்கில் எழுதப்படும்.

இதற்கு மருத்துவச்சீட்டிலேயே ‘14 நாள், மீதியைக் கொட்டவும்’ என்று எழுதச் சொல்வது முதல் படி. இரண்டு புட்டி கொடுத்து, ஒன்றைக் கலக்காமல், ஊற்ற வேண்டிய தண்ணீரின் அளவைக் குறித்து அனுப்பும் ஃபார்மஸிகளும் உண்டு. பாதி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கற்றுத்தருவது இன்னொரு வழி. எதுவும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. பொறுமையாக உட்கார்ந்து, ‘புட்டி எப்போது தீர்ந்தது, அன்றைக்கு என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் மட்டும் தெரியவரும்.

ஹைட்ராக்சியூரியாவின் கதை வேறு. வலித் தாக்குதல்களைக் குறைக்கும் இந்த மருந்தை, ரத்தப் பரிசோதனையில் எஸ்எஸ் வகை (தாய், தந்தை இருவரிடமிருந்தும் அரிவாள் மரபணு வந்த வகை) என்று உறுதியான எல்லாக் குழந்தைகளுக்கும், நோய் கடுமையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்பது மாதத்திலிருந்தே தர முன்வர வேண்டும் என்பது அமெரிக்காவின் 2014 தேசிய வழிகாட்டுதல். தொடக்க அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 14 கிலோ குழந்தைக்கு 280. கேப்சூல்கள் 200, 300, 400, 500 என்று வருகின்றன. 280ஐ எதிலும் எடுக்க முடியாது, இந்த வயதில் கேப்சூல் விழுங்கவும் முடியாது. மில்லிக்கு 100 மில்லிகிராம் வீதம் திரவமாகத் தயாரித்தால் 2.8 மில்லி. அதைத் தயாரித்துத் தர எல்லா ஃபார்மஸிகளும் முன்வருவதில்லை. 2.8 மில்லியை மருந்து மூடியிலோ கரண்டியிலோ அளக்கக் கூடாது; 3 மில்லி வாய்வழிச் சிரிஞ்சில், எந்தக் கோடுவரை என்று பேனாவால் குறித்துக் கொடுக்க வேண்டும்.

அளவு பிடிபட்ட பிறகும் ஒரு தடை உண்டு. மருந்தோடு வரும் தாளில், இது புற்றுநோய் மருந்து, கையுறை போட்டுத் தொட வேண்டும், ரத்த அணுக்கள் குறையலாம், புற்றுநோய் வரலாம் என்று கட்டம் கட்டி எழுதியிருக்கும். கிளினிக்கில் மருத்துவர் ‘நல்ல மருந்து’ என்றார். இரவு பத்து மணிக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து தாய் படிப்பது இந்தத் தாளை. இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை கறுப்பினக் குடும்பங்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 365 கறுப்பினக் குழந்தைகளில் ஒன்று இந்த நோயோடு பிறக்கிறது. 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் சிகிச்சை தராமலே வேடிக்கை பார்த்த அரசு ஆய்வு அவர்களுக்கு வெறும் வரலாற்றுப் பாடம் அல்ல. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குபவர் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்.

அந்தத் தாளை முதல் நாளே எடுத்து மேசைமேல் விரித்து, வரிவரியாகச் சேர்ந்து படிப்பதே பலன் தருகிறது. புற்றுநோய்க்குத் தரும் அளவு வேறு, இங்கே தரும் அளவு வேறு. தொடக்கத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பதே அணுக்கள் குறைந்தால் உடனே மருந்தை நிறுத்தத்தான் என்று சொல்ல வேண்டும். பிறகு ‘புரிந்ததா?’ என்று கேட்கக் கூடாது. எல்லோரும் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வார்கள். ‘நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டில் பாட்டி கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். பல வீடுகளில் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவர் கிளினிக்குக்கே வராத அந்தப் பாட்டிதான்.

அளவீட்டில்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மருந்து கையிருந்த நாட்களை மொத்த நாட்களால் வகுத்து, 80 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒழுங்காக எடுப்பவர் என்று கொள்வது வழக்கம். ஒரு குழந்தைக்கு 90 நாளில் இரண்டு முறை, முப்பது முப்பது நாளுக்கு ஹைட்ராக்சியூரியா வாங்கியிருக்கிறார்கள். 60/90, அதாவது 67 சதவீதம்: தவறியவர் பட்டியல். ஆனால் அதே 90 நாளில் 8 நாள் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது. அங்கே மருந்தை ஆஸ்பத்திரியே கொடுத்தது. வெள்ளணு குறைந்ததால் மருத்துவரே 14 நாள் நிறுத்தச் சொன்னார். 22 நாளைக் கழித்தால் 60/68, அதாவது 88 சதவீதம். ஃபார்மஸிப் பதிவை மருத்துவக் குறிப்போடு ஒட்டிப் பார்க்காமல் கணக்குப் போட்டால், மருத்துவர் பேச்சைக் கேட்ட குடும்பமே கேட்காத குடும்பமாகிவிடும்.

திறக்கும் நேரத்தைப் பதியும் மின்னணு மூடி பொருத்தினாலும் சிக்கல் தீராது. ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவை திறந்து வாரத்துக்கான பெட்டியை நிரப்புகிற தாய், அந்தப் பதிவில் ஆறு நாள் தவறியவள். ரத்தத்தில் சிவப்பணுவின் சராசரிப் பருமனும் கருநிலை ஹீமோகுளோபினும் (பிறக்கும் முன் ரத்தத்தில் இருக்கும் வகை) ஏறுகின்றனவா என்பது, ஹைட்ராக்சியூரியா உள்ளே போகிறதா என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் ஏற மாதங்களாகும், குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆகவே குறைந்தது இரண்டு அளவுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். நேரில் கேட்கும்போது ‘ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?’ என்பதைவிட, ‘எல்லா வீட்டிலும் சில நாள் விட்டுப்போகும், போன ஏழு நாளில் எத்தனை நாள் விட்டது?’ என்ற கேள்விக்கு உண்மை கிடைக்கும்.

இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு வரக்கூடிய பக்கவாதத்தைத் தடுப்பதில் இந்த இடைவெளி நெஞ்சை அடைக்கிறது. தலைக்குள் ஓடும் ரத்தத்தின் வேகத்தை டாப்ளர் கருவியால் அளந்து, நொடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டிய குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் 92 சதவீதம் குறையும் என்று 1998இலேயே நிரூபணமானது. இரண்டு வயதிலிருந்து பதினாறு வரை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆனாலும் 2019இல் மெடிக்கெய்ட் காப்பீட்டில் இருந்தவர்களில் இந்தப் பரிசோதனை நடந்தது 2 முதல் 9 வயதினரில் 47 சதவீதத்தினருக்கும், 10 முதல் 16 வயதினரில் 38 சதவீதத்தினருக்கும் மட்டுமே.

காரணங்கள் சிறியவை. பரிசோதனைக்குத் தனியாக ஒரு நாள் குறிக்கிறார்கள். தினக்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு அது இன்னொரு நாள் சம்பளம். குழந்தை விழித்திருக்க வேண்டும், அழக் கூடாது. தூங்கினாலும் அழுதாலும் வேகம் மாறிவிடும். மதியத் தூக்க நேரத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்கு நேரம் குறித்தால் பாதி வேலை அப்போதே கெட்டது. பெயரும் ஒரு தடைதான். ‘டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர்’ என்றால் எதற்கென்று யாருக்குத் தெரியும்? இதை ஆராய்ந்த ‘டிஸ்பிளேஸ்’ என்ற பன்மருத்துவமனை ஆய்வு, பரிசோதனையின் பெயரையே ‘அரிவாள் செல் பக்கவாதச் சோதனை’ என்ற பொருளில் மாற்றியது. மாதாந்தரக் கிளினிக் நாளிலேயே அதையும் சேர்த்து, காலையில் முதல் நேரமாகக் கொடுப்பது அடுத்தது.

எல்லோருக்கும் சமமான சிகிச்சை கிடைக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு, குடும்பத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தால் அரைகுறைதான். வலித் தாக்குதலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலிநிவாரணி தர வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். 2013இல் வெளியான ஆய்வொன்றில், அரிவாள் செல் நோயாளிகள் மற்ற நோயாளிகளைவிட 25 சதவீதமும், கைகால் எலும்பு முறிந்து வந்தவர்களைவிட 50 சதவீதமும் அதிக நேரம் காத்திருந்தார்கள். எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் தெரியும். இந்த வலி தெரியாது. வலியை மறக்கச் செல்போனில் விளையாடக் கற்றுக்கொண்ட பத்து வயதுப் பையனைப் பார்த்து, ‘இவனுக்கு ஒன்றும் வலியில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆகவே வாசலில் பதிந்த நேரம், முதல் மருந்து கொடுத்த நேரம், இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள் ஆகியவையும், தவறவிட்ட மாத்திரைகளின் அதே அட்டவணையில் நிரல்களாக இருக்க வேண்டும்.

கிளினிக்கில் உட்கார்ந்து கேள்வித்தாள் கொடுத்தால், கிளினிக்குக்கு வர முடிந்தவர்களின் பதில்தான் வரும். வராதவர்களைத் தேடித்தான் போக வேண்டும். மாலையிலும் சனிக்கிழமையிலும் தொலைபேசி வழியாக, பஸ் கட்டணம் கொடுத்து. நீலகிரிக்கும் இது பொருந்தும். 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அந்த மலைப் பழங்குடிகளிடம்தான் இந்த அரிவாள் அணுவைக் கண்டார்கள். 2023இல் தொடங்கிய இந்தியத் திட்டம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதனை முடிவு அட்டை வாங்கிய, நோயுள்ள குழந்தைக்கு மாதாமாதம் மருந்து மலையேறுகிறதா என்பதற்கும் ஒரு நிரல் வேண்டும்.

குறிப்பேட்டில் எழுதும் வரியை மாற்றுவதற்கும் இந்த ஆய்வுகளில் இடமிருக்கிறது. இழிவான சொற்களோடு எழுதிய குறிப்பைப் படித்த பயிற்சி மருத்துவர்கள், அதே நோயாளிக்குக் குறைவான வலி சிகிச்சையையே தேர்ந்தெடுத்தார்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் ‘தாய் ஒத்துழைக்கவில்லை’ என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்கிறோம்: ‘பென்சிலின் 14ஆம் நாளோடு கெடு முடிந்தது. 15ஆம் நாள் ஃபார்மஸி மறுத்தது. 20 நாள் என்று பதிவு. சீட்டைத் திருத்தி அனுப்ப வேண்டும்.’